அடிமட்டமும் கால் அங்குலமும்: எங்கள் நூற்றாண்டுப் போர்வையின் பின்னால் ஒரு வரலாறு

நூற்றாண்டுப் போர்வைக்காகப் பதினொரு நாடுகளிலிருந்து நூறு துணிச் சதுரங்கள் வந்து சேர்ந்தன. லண்டனில் ஒரு தோழியின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் வெளித்தது. மேலே வைத்த சதுரத்துக்கும் அடியில் கிடந்த சதுரத்துக்கும் முக்கால் அங்குல வித்தியாசம். மெல்பேணிலிருந்து வந்தவை பெரிது, நோர்வேயிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்தவை சிறிது. கொழும்பிலிருந்து வந்தவற்றில் சில சதுரமே இல்லை.

பிழை எங்களுடையது. அனுப்பிய சுற்றுநிருபத்தில் “6 அங்குலச் சதுரம், தையலுக்குக் கால் அங்குலம் விடவும்” என்று எழுதியிருந்தோம். கால் அங்குலம் ஒரு பக்கத்துக்கா, மொத்தமாகவா என்று எழுதவில்லை. மொத்தம் என்று நினைத்தவர்கள் 6¼ அங்குலத்தில் வெட்டினார்கள். பக்கத்துக்குக் கால் என்று சரியாகப் புரிந்துகொண்டவர்கள் 6½ இல் வெட்டினார்கள். எங்கள் பள்ளிச் சட்டைகளுக்கு அரை அங்குலம் விட்ட பழக்கத்தில் 7 அங்குலம் வெட்டியவர்களும் உண்டு. ஐரோப்பாவில் இருப்பவர்கள் 6½ அங்குலத்தைச் சென்ரிமீற்றருக்கு மாற்றி, 16.5 வரவேண்டிய இடத்தில் 16 என்று முழு எண்ணாக்கிவிட்டார்கள். அந்த அரைச் சென்ரிமீற்றர்தான் எங்களைப் பின்வந்த நான்கு மாதங்களும் ஆட்டிப்படைத்தது.

எங்கள் தையல் ரீச்சர் இருந்திருந்தால் சுற்றுநிருபத்தைத் திருப்பித் தந்திருப்பார். “பிள்ளையள், அளந்துபோட்டு வெட்டுங்கோ, வெட்டிப்போட்டு அளக்காதேங்கோ” என்பது மனையியல் அறையில் நாங்கள் தினமும் கேட்ட வார்த்தை. அந்த அறையின் நீண்ட மர அடிமட்டம் பலருக்கும் நினைவிருக்கும். ஒரு விளிம்பில் அங்குலம், மறு விளிம்பில் சென்ரிமீற்றர். 1970களில் நாடு மெற்றிக் அளவைக்கு மாறியபின் பாடப்புத்தகம் சென்ரிமீற்றரில் பேசியது. புடவைக் கடையில் அம்மாமார் யாரில்தான் கேட்டார்கள். நாங்கள் இரண்டு அளவுகளிலும் வளர்ந்தோம், இரண்டிலும் பிழைவிடவும் பழகினோம்.

வெட்டிச் சீராக்க என்ன அடிமட்டம் வாங்குவது என்று தேடத் தொடங்கியபோது, அது ஒரு கடைக் கேள்வியாகத்தான் தெரிந்தது. தேடத் தேட அதற்கு ஒரு வரலாறு இருப்பது தெரிந்தது. அதை அறியாமல் நாலு அடிமட்டங்கள் வாங்கிக் காசை வீணாக்கிய பின்னர்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

ஒட்டுத்துணிப் போர்வையை அமெரிக்கர் குவில்ற் என்பர். ஒட்டித் தைத்த மேற்துணி, நடுவே பஞ்சு, கீழே அடித்துணி என மூன்று படைகளையும் சேர்த்து நூலோடியது அது. மேற்துணியின் ஒவ்வொரு சதுரத்தையும் புளொக் என்பார்கள். பெயர் எழுதிய புளொக்குகளைச் சேர்த்துத் தைப்பது எங்கள் கண்டுபிடிப்பு என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். உண்மையில் 1840களிலேயே அமெரிக்காவில் கையெழுத்துக் குவில்ற்றுகள் பெருவழக்காகிவிட்டன. மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்து போனவருக்கு, இனித் திரும்பக் காணக் கிடைக்காது என்று தெரிந்தே, ஊரிலிருந்த பெண்கள் ஆளுக்கொரு சதுரத்தில் பெயரெழுதிக் கொடுத்தனுப்பினார்கள். முதலாம் உலகப் போரின்போது செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் பணம் சேர்க்கவும் இவை தைக்கப்பட்டன. சிறுதொகை கொடுத்தால் உங்கள் பெயரும் போர்வையில் ஏறும். எங்கள் பொருளாளர் இதைக் கேள்விப்பட்டதும் முகம் மலர்ந்தார்.

அந்தப் பெண்களிடம் அடிமட்டம் பெரிதாக இருக்கவில்லை. மாதிரி மட்டைதான் இருந்தது. இங்கிலாந்தில் பழைய முறை வேறு: முடிந்த அளவுக்கே கடதாசி வெட்டி, துணியை அதன்மேல் மடித்து நூலோடி, விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைப்பது. 1718 என்று ஆண்டு பொறித்த பட்டுப் போர்வை ஒன்று இன்றும் பிரித்தானியக் குவில்ற் கலைஞர் சங்கத்திடம் உள்ளது. இந்த முறையில் அளவைக் கடதாசி காப்பாற்றுகிறது. துணி எவ்வளவு கோணலாக வெட்டப்பட்டாலும் கவலையில்லை.

அமெரிக்க முறையில் அந்தக் கடதாசி இல்லை. மட்டையைத் துணியில் வைத்துப் பென்சிலால் கோடு கீறி, கத்தரிக்கோலால் வெட்டி, நேரே தைத்தார்கள். கடதாசி மட்டை நாற்பது தடவை கீறினால் மூலை தேய்ந்துவிடும். கடைசிச் சதுரம் முதற் சதுரத்தைவிடச் சிறுத்துப்போகும். அதனால் தகரத்தில் வெட்டினார்கள். துணி வழுக்காதிருக்க அரத்தாளில் வெட்டினார்கள். பத்திரிகைகளும் மாதிரிகளை வெளியிட்டன. கன்சாஸ் சிற்றி ஸ்ரார் பத்திரிகை 1928 முதல் 1961 வரை இப்படித் தொடர்ந்து வெளியிட்டது. பத்திரிகை மாதிரிகள் பலவற்றில் தையலுக்கு விடும் துணி சேர்க்கப்பட்டிருக்காது, வாசகியே சேர்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் சுற்றுநிருபத்தின் குழப்பம் அந்தக் காலத்துப் பெண்களுக்கும் புதிதல்ல என்று அறிந்ததில் ஒரு சிறு ஆறுதல்.

இந்த வரலாற்றில் எங்கள் ஊருக்கும் ஒரு நூல் ஓடுகிறது. எங்கள் கல்லூரியைவிட ஏறத்தாழ நூறாண்டு மூத்த உடுவில் மகளிர் பாடசாலையை 1824 இல் தொடங்கிய ஹரியற் வின்ஸ்லோ, அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலத்து நோர்விச் ஊரவர். போர்வைக்குத் துண்டு சேர்ப்பது வீட்டுக்கு வீடு நடந்த சூழலிலிருந்து வந்தவர். எழுத்தும் வாசிப்பும் சொல்லிக்கொடுத்த அதே அறையில் ஊசியும் நூலும் கொடுக்கப்பட்டன. பெண்பிள்ளை பள்ளிக்கூடம் போவதை ஊர் ஏற்காத காலத்தில் தையல் ஒரு நல்ல சாட்டாகவும் இருந்தது. நாங்கள் மனையியல் பாடத்தை, விஞ்ஞானப் பிரிவுக்குப் போகும் பிள்ளைகளின் மிடுக்கோடு, கொஞ்சம் இளக்காரமாகப் பார்த்ததுண்டு. அதற்காக இப்போது வெட்கப்படுகிறோம்.

அடிமட்டத்தின் கதையைத் திருப்பிவிட்டது ஒரு கத்தி, அதுவும் யப்பானில். ஒசாகாவைச் சேர்ந்த யோஷியோ ஒகடா அச்சுத் தொழிலில் கடதாசி வெட்டிக்கொண்டிருந்தவர். அலகு மழுங்கிப் போவது அவருக்குப் பெருந்தொல்லை. கண்ணாடித் துண்டை உடைத்துப் புதுக் கூர்மை எடுப்பதையும், அமெரிக்கப் படையினர் தந்த சொக்லேற் கட்டிகள் கோடு வழியே முறிவதையும் நினைவில் வைத்து, 1956 இல் முறித்து முறித்துப் பாவிக்கும் அலகுக் கத்தியைச் செய்தார். அதிலிருந்து பிறந்ததே ஒல்ஃபா நிறுவனம். 1979 இல் அந்நிறுவனம் சில்லுப் போன்ற வட்ட அலகுடைய ரொட்டறி கட்டரை வெளியிட்டது. உடைகள் வெட்டவே அது செய்யப்பட்டது; பிடித்துக்கொண்டவர்கள் குவில்ற் தைப்பவர்கள்.

அதற்கு நேரமும் கூடிவந்திருந்தது. 1971 இல் நியூயோர்க்கின் விற்னி அருங்காட்சியகம் பழைய குவில்ற்றுகளை ஓவியங்களைப்போலச் சுவரில் தொங்கவிட்டுக் கண்காட்சி நடத்தியது. 1976 இல் அமெரிக்கச் சுதந்திரத்தின் இருநூறாவது ஆண்டு வந்தது. பாட்டியின் போர்வையைத் தாமும் தைக்க வேண்டும் என்று வேலைக்குப் போகும் பெண்கள் விரும்பினார்கள். பாட்டிக்கு இருந்த நேரம் அவர்களுக்கு இல்லை. 1978 இல் எலெனர் பேர்ன்ஸ் ஒரே நாளில் குவில்ற் செய்வது எப்படி என்று புத்தகமே எழுதினார். அடுத்த ஆண்டு வந்தது கட்டர். நாலைந்து படை துணியை ஒரே இழுப்பில் வெட்டலாம்.

வட்ட அலகுக்கு ஓட ஒரு சுவர் வேண்டும். மர அடிமட்டத்தை அலகு சீவித் தள்ளிவிடும். மெல்லிய பிளாஸ்ரிக் அடிமட்டத்தின் மேல் அலகு ஏறிவிடும், ஏறினால் அடுத்து இருப்பது விரல். ஆகவே ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் தடிப்பான தெளிந்த அக்கிரிலிக் பலகைகள் வந்தன. அவற்றினூடே துணியைப் பார்க்கலாம், கால் அங்குலக் கோடும் 45 பாகைக் கோடும் உண்டு. மட்டையைச் சுற்றிக் கீறும் வேலை ஒழிந்தது. முன்பு அடையாளமிட்டு வெட்டினார்கள். இப்போது அடிமட்டமே அடையாளமாயிற்று.

ஆனால் வேகம் கூடியதோடு ஒரு பழைய சிக்கல் புது உருவில் வந்தது. சரியாக வெட்டினாலும் தைக்கும்போது துணி அசையும். நூலின் தடிப்பும் துணி மடியும் வளைவும் சேர்ந்து கால் அங்குலத்தில் ஓர் இழையளவைத் தின்னும். ஒரு புளொக்கில் எட்டிலொரு பங்கு அங்குலம் பிழைத்தால் பத்துப் புளொக் கொண்ட வரிசையில் ஒன்றேகால் அங்குலம் பிழைக்கும். அடுத்த வரிசை பிழைக்காதிருந்தால் இரண்டையும் எப்படி இணைப்பது? அதனால் வந்த வழக்கம்தான் கொஞ்சம் பெரிதாகத் தைத்து, பிறகு அளவுக்குச் சீவுவது. சீவுவதற்கென்றே தனி அடிமட்டங்கள் வந்தன.

இரண்டு முக்கோணங்கள் சேர்ந்து ஒரு சதுரமாகும் புளொக்கை எடுங்கள். முடிந்த அளவோடு 7/8 அங்குலம் கூட்டிச் சதுரம் வெட்ட வேண்டும் என்பது வாய்பாடு. இந்த 7/8 எங்கிருந்து வருகிறது? இரு பக்கத் தையலுக்கு இரண்டு கால் அங்குலம், மூலைவிட்டத் தையலுக்குக் கால் அங்குலத்தை இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கியது. கூட்டினால் 0.854. அதை அடிமட்டத்தில் காணக்கூடிய மிகக் கிட்டிய கோட்டுக்கு உயர்த்தினால் 7/8. சாதாரண தரத்தில் பைதகரசு தேற்றம் எதற்கு என்று கேட்ட எங்களுக்குப் பதில் முப்பது வருடம் பிந்திக் கிடைத்தது. பெரும்பாலானோர் 7/8 உடன் மல்லுக்கட்டாமல் ஒரு முழு அங்குலம் கூட்டிவிட்டுப் பிறகு சீவுகிறார்கள். அப்படிச் சீவ, மூலைவிட்டத் தையலின் மேட்டில் சரியாக உட்காரும் தவாளிப்பு அடியில் வெட்டப்பட்ட புளொக் லொக் என்ற அடிமட்டம் உண்டு. பூட்டியதுபோல் நிற்கும், வழுக்காது. நாங்கள் முதலில் வாங்கியது அதைத்தான். அழகான சாமான், ஆனால் எங்களுக்கு உதவவில்லை. தையலின் துணியை ஒரு பக்கமாக மடித்து அழுத்தியிருந்தால்தான் அந்த மேடு உண்டாகும். எங்கள் பழைய மாணவியரில் பாதிப் பேர் பள்ளியில் படித்தபடி இரு பக்கமும் விரித்து அழுத்தியிருந்தார்கள். மேலும் எங்கள் புளொக்கின் அமைப்பே வேறு.

எங்களுடையது நடுவில் சாய்ந்து நிற்கும் வெள்ளைச் சதுரம், நான்கு மூலையிலும் அவரவர் சீலைத்துண்டில் வெட்டிய முக்கோணம். வெள்ளையில் பெயரும் படித்த ஆண்டும். வெள்ளைச் சதுரத்தின் நான்கு முனைகளும் புளொக்கின் விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தையல் முனையைக் கொய்துவிடும். இதற்கு 6½ அங்குலச் சதுர அடிமட்டம், அதுவும் நடுக்கோடு உள்ளது, போதும் என்று கடையில் சொன்னார்கள். அதையும் வாங்கினோம். வழுக்காதிருக்க அடியில் சொரசொரப்பான வட்டங்கள் உள்ள இன்னொன்றும் வாங்கினோம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் கோடுகள் ஒரு மயிரிழை விலகின! இரண்டும் சரியான அடிமட்டங்களே. கோட்டின் தடிப்பில் எந்த விளிம்பிலிருந்து அளப்பது என்பதில்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு. ஒரு போர்வைக்கு ஒரே அடிமட்டம் என்ற பழம் விதியின் காரணம் அதுதான்.

இந்த இடத்தில் ஒரு வைத்திய எச்சரிக்கை. எங்களில் ஒருவருக்கு, சிறிய அடிமட்டத்தின் மேல் விரல்களை விளிம்பு தாண்டி வைத்திருந்ததால், துணிக்குத் தையல் போடுமுன் விரலுக்கு மூன்று தையல் போட வேண்டி வந்தது. ரொட்டறி கட்டர் நுனிவிரலைச் சீவினால் சதை சுத்தமாகப் போய்விடும், பொருத்த ஒன்றும் மிஞ்சாது. அடிமட்டம் துணியைவிடப் பெரிதாக இருக்கட்டும். கையை நடுவில் விரித்து அழுத்துங்கள். உடலுக்கு வெளிப்புறமாகவே உருட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் அலகை மூடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு எங்கள் முன் இருந்த கேள்வி வேறு. எல்லாவற்றையும் ஆகச்சிறிய சதுரத்தின் அளவுக்குச் சீவுவது கைநூல்கள் சொல்லும் சுலப வழி. 6¼ அங்குலத்துக்குச் சீவினால், சொன்னபடி ஒழுங்காகச் செய்தவர்களின் முனைகள் கொய்யப்படும். சரியாகச் செய்தவர்களைத் தண்டிப்பதா, பிழையாகச் செய்தவர்களைத் திரும்பச் செய்யச் சொல்வதா என்று வட்ஸ்அப்பில் ஒரு கிழமை வாதம் நடந்தது. நாங்கள் திரும்பச் செய்யச் சொல்லும் பக்கம்தான் சாய்ந்திருந்தோம்.

அப்போதுதான் ரொறன்ரோவிலிருந்து கடைசித் தபால் வந்தது. எங்களுக்கு முப்பது வருடம் மூத்த அக்கா ஒருவர் அனுப்பியது. சாய்சதுரமும் இல்லை, முக்கோணமும் இல்லை. ஒரே வெள்ளைத் துணி, பழைய சீருடைத் துணி. நான்கு விளிம்பு நெடுகச் சங்கிலித் தையலில் நான்கு பெயர்கள். தம் வகுப்பில் படித்து இன்று இல்லாத நால்வருடையவை. எழுத்துகள் விளிம்பிலிருந்து எட்டிலொரு பங்கு அங்குலத்தில் ஓடின. கால் அங்குலத் தையல் போட்டால் நான்கு பெயர்களும் உள்ளே போய்விடும். தன் பெயரை அவர் எழுதவேயில்லை. தொலைபேசியில் எடுத்துக் கேட்டோம். “பிள்ளை, கண் நடுவிலை மங்கிப்போச்சு. ஓரத்தாலைதான் தெரியுது, அதாலை ஓரத்திலை தைச்சனான்” என்றார். விழிப்புள்ளி நோய்க்காரர் உலகைப் பார்ப்பது அப்படித்தான் என்று எங்களுக்குப் பாடமாகத் தெரியும். திரும்பத் தைத்துத் தாருங்கள் என்று அவரிடம் கேட்க எங்களில் எவருக்கும் வாய் வரவில்லை. அவரிடம் கேட்காததை மற்றவர்களிடம் கேட்பது எப்படி?

அளவைப் பற்றி எங்களுக்குப் புத்தி தந்தது 1987 இன் ஒரு குவில்ற். சான் பிரான்சிஸ்கோவில் கிளீவ் ஜோன்ஸ் என்பவர் எயிட்ஸ் நோயில் இறந்த நண்பருக்காக ஒரு துணிப்பலகை செய்தார். அவரும் நண்பர்களும் மற்றவர்களைச் செய்யச் சொன்னபோது விதித்தது ஓர் அளவு மட்டும்தான்: 3 அடிக்கு 6 அடி, ஒரு புதைகுழியின் அளவு. உள்ளே என்ன தைப்பது, எதைக்கொண்டு தைப்பது என்பது அவரவர் விருப்பம். எட்டுப் பலகைகளைச் சேர்த்து 12 அடிச் சதுரமாக்கினார்கள். அவ்வாண்டு ஒக்ரோபர் 11 ஆந் திகதி வொஷிங்ரனில் விரித்தபோது 1,920 பலகைகள் இருந்தன. மாணவப் பருவத்தில் தொற்றுநோயியல் படித்தபோது அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறோம், அளவை யோசித்ததில்லை. முன்பின் அறியாதவர்களின் கைவேலையைச் சேர்க்க வெளிச்சட்டம் ஒன்றாக இருந்தால் போதும், உள்ளே இருப்பது எப்படியும் இருக்கலாம்.

அலபாமா மாநிலத்தில் ஆறு சுற்றி வளைக்கும் கீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள் பற்றியும் அப்போது வாசித்தோம். கிழிந்த வேலையுடுப்புகளைக் கண்மதிப்பில் வெட்டித் தைத்த போர்வைகள். 2002 இல் ஹியூஸ்ரனிலும் பின்னர் விற்னியிலும் காட்சிக்கு வைக்கப்பட்டபோது விமர்சகர்கள் நவீன ஓவியத்தோடு ஒப்பிட்டார்கள். நாங்கள் அவர்கள் அல்ல. எங்களுக்கு அந்தக் கண்ணும் இல்லை, துணிவும் இல்லை. எங்களுக்கு அடிமட்டம் வேண்டும்.

ஆகவே செய்தது இதுதான். எந்தப் புளொக்கையும் சீவவில்லை. ஒவ்வொன்றையும் சுற்றிக் கல்லூரி நிறத்தில் 2 அங்குல அகலத் துண்டு வைத்துத் தைத்தோம். 16 சென்ரிமீற்றர் சதுரங்களுக்கு எட்டிலொரு பங்கு அங்குலமே தையல் விட்டோம், முனைகள் தப்பின. 7 அங்குலத்தவைக்கு அரை அங்குலம். பிறகு சட்டத்தைத்தான் சீவினோம். அதற்கு விசேட அடிமட்டம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. எல்லோர் வீட்டிலும் இருக்கக்கூடிய 12½ அங்குலச் சதுர அடிமட்டம். அதில் 8½ அங்குலக் கோடுகளிலும் அவற்றின் நடுவான 4¼ அங்குலக் கோடுகளிலும் காகித ஒட்டுநாடா. நடுக்கோடுகள் வெட்டும் புள்ளியைப் புளொக்கின் மையத்தில் வைத்து இரு பக்கம் சீவி, திருப்பி, மற்ற இரு பக்கம். நூறு புளொக்குக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், மூன்று அலகுகள். தைத்து முடிந்தபோது ஒவ்வொன்றும் 8 அங்குலம், போர்வை 80 அங்குலச் சதுரம்.

ரொறன்ரோ அக்காவின் துணிக்குச் சட்டம் தைக்கவில்லை. 8½ அங்குலச் சதுரம் ஒன்றை முழுத் துணியாக வெட்டி, அதன்மேல் அவருடையதை வைத்து, விளிம்பு இழை பிரியாதபடி கையால் கம்பளித் தையல் போட்டோம். வெள்ளை நூல், நெருக்கமான தையல், எழுத்துகளுக்கு வெளியே. இந்த ஒன்றுக்கு மட்டும் ஒரு மாலை முழுதும் ஆயிற்று. கல்லூரி மண்டபத்தில் போர்வை தொங்கும்போது மேலிருந்து ஏழாவது வரிசையில் இடமிருந்து மூன்றாவதைப் பாருங்கள். துணி சற்றுக் கோணல். நாங்கள் நேராக்கவில்லை.

பாவிக்காத நாலு அடிமட்டங்களும் கட்டரும் வெட்டும் விரிப்பும் மனையியல் அறைக்கு அனுப்பப்பட்டுள்ளன. கட்டர் அலுமாரியில் பூட்டி வைக்கப்பட வேண்டும் என்று அதிபருக்கு எழுதியிருக்கிறோம்.